மூல ஓலை

தடுத்தாட்கொண்ட வரலாற்றை அறியாத தமிழர் இலர். மணப்பந்தரில் வந்து நின்ற முதிய வேதியர் அடிமை ஓலையைக் காட்ட, நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழிந்தது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் உரைத்தார். அவையோர் ஏவ, கரணத்தான் அதனை வணங்கி வாங்கிப் படித்தான். ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறொரு கைச்சாத்தும் காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்டது. அதன் பின்னரே தீர்ப்பு வழங்கப்பெற்றது.

பத்திச் சுவையில் தோய்ந்து இக்கதையைப் படிக்கும் நாம், இதனுள் ஆவண நெறி ஒன்று அடங்கியிருத்தலைப் பெரும்பாலும் கருதுவதில்லை. படி கிழியலாம்; குறையலாம்; திருத்தப்படலாம். மூலம் காப்பில் இருக்குமாயின் என்றேனும் ஒருநாள் அஃது அவையேறும். பிழைப்பு நாடி வடபுலம் வந்து, அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மனோர் பலருக்கு இந்நெறியின் பொருள் எளிதில் விளங்கும். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டின் அயலுறவு ஆவணங்களிலும், அந்நாட்டுச் சமயத்தொண்டர்களின் கடிதங்களிலும் இந்நெறி மெய்ப்பிக்கப்பட்ட வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்று நாம் வழங்குவது ஆர்மீனியர் தெருவே. அங்கே 1772இல் எழுந்த அவர்தம் கோயில் இன்றும் உள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் வெளிவந்ததும் சென்னையிலேதான். இம்மக்களின் தாயகத்தில் பெரும்பகுதி துருக்கியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1895, 1896ஆம் ஆண்டுகளில் அங்கு அவர்கள் பெருந்தொகையினராய்க் கொல்லப்பட்டனர். அச்செய்தி ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், ஜெர்மனியின் இளம் போதகர் ஒருவர் அந்நாட்டுக்குப் புறப்பட்டார். அவரே யோஹன்னஸ் லெப்சியுஸ்.

லெப்சியுஸ் 1858இல் பெர்லினில் பிறந்தவர்; எகிப்தியத் தொல்லியலின் முன்னோடிகளுள் ஒருவரான கார்ல் ரிச்சர்டு லெப்சியுசின் மைந்தர். 1895இல் அவர் நிறுவிய ஜெர்மானிய ஓரியண்ட் மிஷன், பெற்றோரை இழந்த ஆர்மீனியச் சிறார்களுக்கு இல்லங்கள் அமைத்தது. ஊர்ஃபா நகரில் கம்பளத் தொழிற்சாலை ஒன்றையும் மருத்துவமனை ஒன்றையும் நடத்தியது. தாம் கண்டவற்றைத் தொகுத்து 1896இலேயே அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் அவர் பெயர் ஆவண வரலாற்றில் நிலைபெற்றது முதல் உலகப்போரின்போதுதான்.

அப்போரில் துருக்கி ஜெர்மனியின் நட்பு நாடு. 1915 ஏப்ரல் 24ஆம் நாள் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனியத் தலைவர்களும் அறிஞர்களும் சிறைப்பிடிக்கப்பட்டனர். அனத்தோலியாவின் ஊர்கள்தோறும் ஆர்மீனியர் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டுச் சிரியப் பாலை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலேயே கொலையாலும் பசியாலும் நோயாலும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பகை நாடுகளின் தூதரகங்கள் மூடப்பட்டிருந்த வேளையில், நட்பு நாடான ஜெர்மனியின் கான்சல்கள் உள்நாட்டு நகரங்களில் தங்கியிருந்தனர். ஆதலின், நடந்தவற்றுக்கு நெருங்கிய சாட்சிகளுள் ஒருவராக அவர்கள் அமைந்தனர்.

அக்காலத்தில் பெர்லினை அடைந்த தாள்கள் இருவகைப்பட்டன. முதல்வகை அதிகாரிகளின் அறிக்கைகள். அலெப்போவில் ரோஸ்லர், எர்சுரூமில் ஷாய்ப்னர் ரிக்டர், மோசுலில் ஹோல்ஸ்டைன் ஆகியோர் தந்தியும் மடலும் விடுத்தவண்ணம் இருந்தனர். டைகிரிஸ் ஆற்றில் பிணங்கள் மிதந்து வருவதை ஹோல்ஸ்டைன் 1915 ஜூனிலேயே தெரிவித்தார். தூதர் வாங்கன்ஹைம், இவ்வெளியேற்றத்தைப் போர்க்காலப் பாதுகாப்பு நடவடிக்கை எனத் தொடக்கத்தில் கருதியவர். அவரே 1915 ஜூலை 7இல், ஆர்மீனிய இனத்தை அழிப்பதே துருக்கி அரசின் நோக்கம் எனத் தலைமை அமைச்சருக்கு எழுத நேர்ந்தது.

இரண்டாம் வகை சமயத்தொண்டர், செவிலியர், ஆசிரியர் ஆகியோர் எழுதியவை. எர்சிஞ்சான் நகரில் பணியாற்றிய செவிலியர் இருவர், கெமாஹ் பள்ளத்தாக்கில் நடந்த படுகொலையைப் பற்றி அறிந்தவற்றை எழுதியனுப்பினர். அலெப்போவிலிருந்த ஜெர்மானியப் பள்ளியின் ஆசிரியர்கள் 1915 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகத்திற்கு முறையீடு ஒன்றை விடுத்தனர். பள்ளியின் அருகிலேயே மக்கள் பட்டினியால் மடியும்போது, அவ்வினத்துச் சிறார்க்குத் தாங்கள் எங்ஙனம் பாடம் கற்பிப்பது என்பதே அவர்களின் வினா. இத்தகைய மடல்கள் கான்சலின் கையேறி, தூதரகம் சென்று, பெர்லின் பதிவறையில் எண் இடப்பட்டுக் கோப்பில் சேர்ந்தன. எழுதியவர் நெஞ்சு துடித்தது. பெற்றவர் அலுவலகம் வரிசை எண் இட்டது. இவ்விரண்டும் சேர்ந்தே பிற்காலத்துக்குச் சான்றாயின.

அரசு யாது செய்தது? வாங்கன்ஹைமுக்குப்பின் தூதராக வந்த வோல்ஃப் மெட்டர்னிக், துருக்கியைப் பத்திரிகைகள் வாயிலாக வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும் என 1915 டிசம்பரில் எழுதினார். தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் அதனை ஏற்கவில்லை. ஆர்மீனியர் அழிந்தாலும் அழியாவிட்டாலும், போர் முடியும்வரை துருக்கியைத் தம் பக்கம் நிறுத்துவதே தம் ஒரே குறிக்கோள் என்ற கருத்துப்படத் தம் கைப்படக் குறிப்பெழுதினார். மெட்டர்னிக் 1916இல் திரும்ப அழைக்கப்பட்டார். கோப்பில் இடப்படும் குறிப்பு சில வரியே ஆயினும் எத்துணை உயிர்களின் மேல் அதன் நிழல் விழும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

லெப்சியுஸ் வாளா இருக்கவில்லை. 1915 ஆகஸ்ட்டில் கான்ஸ்டான்டிநோபிள் சென்று போர் அமைச்சர் என்வர் பாஷாவை நேரிற் கண்டு வாதாடினார், பயனில்லை. நாடு திரும்பி, சமயத்தொண்டரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் திரட்டிய செய்திகளைக் கொண்டு அறிக்கை ஒன்றை 1916இல் பொட்ஸ்டாம் நகரில் அச்சிட்டார். ஏறத்தாழ 20,000 படிகள் நாடெங்கும் உள்ள சீர்திருத்தச் சபைப் போதகர்தம் இல்லங்களுக்கு அஞ்சலில் சென்றன. படைத்துறைத் தணிக்கையாளர் ஆகஸ்ட்டில் அதனைத் தடைசெய்தனர். அவரோ அதற்குள் ஹாலந்து சேர்ந்திருந்தார். தம் நாட்டுப் படையினர் போர்முனையில் மடியும் வேளையில், நட்பு நாட்டின் குற்றத்தைத் தம் மக்களுக்கே எடுத்துரைத்த அவர்தம் துணிவு போற்றத்தக்கது.

இனித்தான் நம் பொருளின் நடுவிடத்திற்கு வருகின்றோம். 1918இல் ஜெர்மனி தோற்றது. ஆர்மீனியர் அழிவில் அந்நாட்டுக்கும் பங்குண்டு என்ற பழி உலகெங்கும் எழுந்தது. பாரிஸ் அமைதி மாநாடு அணித்தாக இருந்தது. பழியைத் துடைக்க விரும்பிய வெளியுறவு அமைச்சகம், தன் கோப்புகளிலிருந்து ஆர்மீனியர் தொடர்பானவற்றைத் தொகுத்து வெளியிடும் பணியை லெப்சியுசிடம் ஒப்படைத்தது. நேற்று எவருடைய நூலை அரசு தடைசெய்ததோ, இன்று அவரையே தன் சான்றாளராகக் கொண்டது! 1919இல் ‘ஜெர்மனியும் ஆர்மீனியாவும்’ என்னும் பெயரில் 444 ஆவணங்கள் அடங்கிய பெருந்தொகுதி வெளிவந்தது. ஆர்மீனியர்பட்ட துயரை அரசின் ஏடுகளாலேயே நிறுவிய அந்நூல் நெடுங்காலம் வரலாற்றறிஞர்க்கு மூலநூலாக விளங்கியது. 1921இல், ஆர்மீனியர் அழிவுக்குத் தலைமை தாங்கிய தலாத் பாஷா பெர்லின் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கிலும் லெப்சியுஸ் அறிஞர் சாட்சியாக நின்றார். கொன்ற ஆர்மீனிய இளைஞர் விடுதலை பெற்றார்.

ஆயின் அத்தொகுதி படி ஓலையே. மூல ஓலை அமைச்சகத்தின் காப்பறையில் இருந்தது. அம்மூலமும் பல அலைச்சல்களைக் கண்டது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு அஞ்சி அமைச்சகத்தின் ஏடுகள் ஹார்ட்ஸ் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டன. 1945இல் அங்கே நேச நாட்டுப் படையினர் கையில் அவை சிக்கின. இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு நுண்படச் சுருள்களாகப் படமெடுக்கப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் பான் நகருக்குத் திரும்பின; இன்று பெர்லினில் உள்ளன.

இதழாளராயிருந்த வோல்ஃப்காங் கூஸ்ட் தம் துணைவியாருடன் அம்மூலங்களை லெப்சியுசின் அச்சுத்தொகுதியோடு வரிக்கு வரி ஒப்புநோக்கினார். பல ஆவணங்களில் சொற்களும் தொடர்களும் பத்திகளும் விடுபட்டிருந்தன. விடுபட்டமைக்கு அடையாளமாக ஒரு புள்ளியும் அச்சில் இல்லை. ஜெர்மானிய அதிகாரிகளுக்கு ஊறு விளைக்கத்தக்க பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. இம்மாற்றங்களுட் பெரும்பகுதி, அமைச்சகம் லெப்சியுசுக்கு அளித்த படிகளிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது கூஸ்ட்டின் கருத்து. திருத்தப்படாத மூலங்களின் தொகுப்பை அவர் 2005இல் நூலாக வெளியிட்டார்.

ஆர்மீனிய ரயில் தொழிலாளரை வெளியேற்றும் ஆணையொன்றில் ஜெர்மானியப் படையதிகாரி ஒருவர் 1915 அக்டோபரில் கையொப்பமிட்டிருந்தார். அனத்தோலிய ரயில்வேயின் நிருவாகியான கூண்டர் அதனைக் கண்டு திடுக்கிட்டு, இத்தாள் ஒன்றைப் பெறுவதற்குப் பகைவர்கள் ஒருநாள் நல்ல விலை கொடுப்பர் என்று தம் மேலோருக்கு எழுதினார். எத்துணைத் தெளிவான தீர்க்க நோக்கு! அவர் அதனைக் கிழித்தெறியவில்லை என்பதே நமக்கு வியப்பளிக்கிறது. குற்றத்தை அறிந்த அலுவலகமே குற்றத்தின் சான்றையும் காத்து வைத்தது. கோப்பைக் குலைத்தல் தகாது என்ற அலுவல் பழக்கம் அறத்துக்குத் துணைநின்ற விந்தையை இங்குக் காண்கின்றோம்.

இவ்வாறு அச்சில் குறைந்து மூலத்தில் நிறைந்திருத்தல் தமிழருக்கும் நேர்ந்ததுண்டு. லெப்சியுசின் தாள்கள் தொகுக்கப்பட்ட இடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். அந்நகரை நாம் வேறொரு வகையில் நன்கு அறிவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் மடல்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் சென்றடைந்த ஊர் அது. அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலே அச்சேற்றியது. ஆனால் தமிழர்தம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெருநூலை அச்சேற்ற ஹாலேயின் பெரியோர் முன்வரவில்லை. அஃது 1867இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் நம் முன்னோர் வழிபாட்டின் செய்திகள் அழியாதிருந்தமைக்குக் காரணம், அச்சிட விரும்பாதவர்களும் கைப்பிரதியை எரித்துவிடாமல் காத்தமையே.

லெப்சியுசை நாம் எங்ஙனம் மதிப்பிடுவது? தம் நாட்டின் மானத்தைக் காத்தல், ஆர்மீனியர்க்கு நீதி தேடல் என்னும் இரண்டையும் ஒரே நூலால் நிறைவேற்ற அவர் முயன்றார். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இடங்களில் அமைச்சகத்தின் கத்தரி வென்றது. ஆயினும் 1916இல் அவர் அஞ்சலில் விடுத்த அறிக்கை இல்லையேல் ஜெர்மானிய மக்கள் உண்மையை அறிய இன்னும் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். குறையையும் நிறையையும் ஒருங்கே கூறுதலே அவருக்கு நாம் செய்யும் நேர்மை. 1926இல் அவர் மறைந்தார்; பொட்ஸ்டாமில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று ஆய்வு நிலையமாக விளங்குகிறது.

2016 ஜூன் 2ஆம் நாள் ஜெர்மானிய நாடாளுமன்றம், ஆர்மீனியர்க்கு நேர்ந்தது இனப்படுகொலையே எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அன்றைய ஜெர்மானியப் பேரரசு செய்திகளை அறிந்திருந்தும் தடுக்க முயலாத இழிவையும் அதில் ஒப்புக்கொண்டது. நூறாண்டுகளுக்குப்பின் எழுந்த அத்தீர்மானத்துக்கு அடிநிலையாக இருந்தவற்றுள் அந்நாட்டின் சொந்தக் கோப்புகளும் உள்ளன.

ஓர் எழுத்தர் தம் கோப்பில் தாள்களுக்கு வரிசை எண் இட்டு, ஒன்றும் குறையாமல் கட்டி வைக்கிறார். அவர் பெயரை எவரும் அறியார். அத்தாளின் பொருளைக்கூட அவர் உணராதிருக்கலாம். ஆயினும் அவர் இட்ட அவ்வெண்ணே, இடையில் ஒரு தாள் பறிபோனால் அதனைக் காட்டிக் கொடுக்கும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, நம் சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகளும் முன்னோர் மடல்களும் இத்தகைய மூலங்களே. மலரில் அச்சாவது அவற்றுள் நாம் தெரிந்தெடுக்கும் பகுதி மட்டுமே. நாளை நம் மக்கள் நம்மைப் பற்றி உசாவும்போது அவர்கள் தேடப்போவது தெரிந்தெடுக்கப்படாத எஞ்சியவற்றையும்தான். ஆதலின் அவற்றை ஒரு தாளும் குறையாமல் போற்றிக் காத்தல் நம் கடன்.