கல்லலில் இருந்தே பிரெஞ்சு பி1 முடிக்க முடியுமா? பாதி ஆன்லைன், பாதி நேரடி வகுப்பு: பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கல்லல், காளையார்கோவில் பக்கமெல்லாம் இப்போது "கனடா போகணும்னா பிரெஞ்சு படிங்க" என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. ஏ1, ஏ2 வரை செல்போனிலேயே படித்து முடித்துவிடலாம். அதற்கு அடுத்த படியான பி1-ல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்காகவே வந்திருப்பவை ஹைப்ரிட் வகுப்புகள். வார நாட்களில் ஆன்லைன், மாதத்தில் சில நாட்கள் நேரில்.

பி1 என்றால் என்ன?

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி1, பி2 இரண்டும் இடைநிலை. பி1 முடித்தவர் பயணம், வேலை, குடும்பம் போன்ற விஷயங்களைத் தடுமாறியாவது சொந்தமாகப் பேசிவிடுவார். பி2 முடித்தவர் வாதாடுவார். ஆரம்பத்தில் இருந்து பி1 முடிக்க சுமார் 350 முதல் 400 மணி நேரம், பி2-க்கு மொத்தம் 550 மணி நேரத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. "மூணே மாசத்தில் பி2" என்பவரிடம் தினமும் எத்தனை மணி நேரம் வகுப்பு என்று கேளுங்கள். கணக்கு இடிக்கும்.

பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள் நேராக பி1-ல் சேர ஆசைப்படுவார்கள். எழுத்து வரும், பேச்சு வராது. நிலை அறியும் தேர்வு எழுதிவிட்டுச் சேருவதே நல்லது.

ஆன்லைனில் எது வரும், எது வராது?

இலக்கணம் ஆன்லைனிலேயே வரும். அதிலும் தமிழ் பேசுபவர்களுக்குச் சில இடங்களில் லாபம் இருக்கு. பிரெஞ்சில் கடந்த காலத்துக்கு இரண்டு வடிவங்கள். நம்ம "போனேன்", "போயிட்டிருந்தேன்" வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் முக்கால்வாசி புரிந்துவிடும். 'லே' என்ற சொல்லும் 'அமி' என்ற சொல்லும் சேர்ந்தால் இடையில் ஒரு ஒலி முளைத்து 'லேஸாமி' ஆகிறது. புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இது புதுசில்லை. நீ, நீங்க வித்தியாசமும் அங்கே உண்டு.

சிக்கல் உச்சரிப்பில்தான். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் உள்ள சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றே. நடுவில் வரும் 'ஸ' ஒலி காற்றாக வந்தால் மீன், தொண்டை அதிர்ந்து வந்தால் விஷம். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். நெட் விட்டு விட்டு வரும் ஊரில், ஹெட்போனில் இந்த வித்தியாசம் பிடிபடாது. நேரடி வகுப்பு இதற்குத்தான். அந்த நாளையும் இலக்கணம் நடத்தியே ஓட்டுகிற இடமென்றால் பயணச் செலவு தண்டம்.

எந்தத் தேர்வு? இங்கேதான் பணம் போகிறது

டெல்ஃப் பி1 தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் தலா 25. 50 எடுத்தால் பாஸ், ஆனால் எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. பிரான்ஸ் தொடர்பான பல தேவைகளுக்கு இது செல்லும். அங்கே 10 வருடக் குடியிருப்பு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்ற விதி 2026 ஜனவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது.

கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுதணும். இரண்டு வருடம்தான் செல்லுபடி. 2023-ல் இருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. நான்கு திறன்களிலும் கனடா அளவுகோலில் 7-ம் நிலை வேண்டும். அது ஏறக்குறைய பி2. அதோடு ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் 50 கூடுதல் புள்ளிகள். ஆக, கனடா கனவோடு பி1-க்கு மட்டும் பணம் கட்டுபவர்கள் பாதி வழியில் நிற்பார்கள்.

கல்லலில் இருந்து எப்படி?

அலியான்ஸ் பிரான்சேஸ் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிறது. புதுச்சேரி மையம் 1889-லேயே தொடங்கியது. சென்னையில் நேரடி நாள் என்றால் காரைக்குடியில் அதிகாலை பல்லவன் பிடித்தாலும் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். காலை வகுப்பு என்றால் முதல் நாளே கிளம்பணும். தங்கும் செலவையும் ஃபீஸோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க. (சைகோன் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதே அங்கே கடை வைத்து வட்டித் தொழில் செய்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். இந்தப் பக்கத்துக்கு பிரெஞ்சுத் தொடர்பு புதுசில்லை.)

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்க: நேரடி நாட்கள் மொத்தம் எத்தனை, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், வகுப்பைத் தவறவிட்டால் ரெக்கார்டிங் கிடைக்குமா. 20 பேருக்கு மேல் என்றால் ஒருவருக்குப் பேச சில நிமிடம்தான் கிடைக்கும்.

கேட்டல் பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தரும் 10 நிமிடச் செய்தி இணையத்தில் இலவசம். எழுத்து வடிவமும் கூடவே இருக்கும்.