கண்டிப் பிரதேச இடப்பெயர்கள்

கண்டி என்னும் பெயரைச் சிங்கள மக்கள் தம் பேச்சில் வழங்குவதில்லை. அவர்க்கு அது மகாநுவர, அஃதாவது பெருநகர். மலைநாட்டைக் குறித்த ‘கந்த உடரட்ட’ என்னும் தொடரின் முதற்சொல்லே போர்த்துக்கேயர் வாயிலாக நகரின் பெயராயிற்று.

சிங்களத்தில் அகரத்தில் முடியும் ஊர்ப்பெயர்கள் பல தமிழில் ஐகாரம் பெறும். கடுகன்னாவ கடுகண்ணாவையாகும், புஸ்ஸல்லாவ புசல்லாவையாகும், கம்பொல கம்பளையாகும். இவற்றைச் சிதைவு என்பாருளர். ஒழுங்குற நிகழும் மாற்றத்தைச் சிதைவென்றல் பொருந்தாது. ஆயினும் தமிழ்வடிவம் சிலபோது மயக்கமும் தரும். கட்டுகஸ்தோட்டையின் ‘தோட்டை’ தோட்டமன்று. மகாவலியைக் கடக்கும் துறை.

பேராதனையைக் கொய்யா வளர்ந்த தாழ்நிலம் என விளக்குவது வழக்கம். கொய்யாவோ அமெரிக்கக் கண்டத்துக் கனி. மூன்றாம் விக்கிரமபாகு 1371இல் இங்கு அரசவை நடத்தினான் என்பது மரபு. ஊர்ப்பெயரும் அத்துணைப் பழமையுடையதாயின் கொய்யா விளக்கம் நில்லாது.

நாயக்கர் ஆட்சியின் (1739–1815) நினைவாகக் கண்டியில் மலபார் வீதி எஞ்சியுள்ளது. அரசனின் தென்னிந்திய உறவினர் அங்கு வாழ்ந்தனர். பின்னர் வந்த தோட்டத்துரைமார் தம் விருப்பப்படி பெயரிட்டனர். வோம்ஸ் சகோதரர் புசல்லாவையில் அமைத்த தோட்டம், அவர்தம் உறவினரான வங்கிக் குடும்பத்தின் பெயரால் ரொத்சைல்ட் ஆயிற்று. தெல்தோட்டைக்கு அணித்தாய், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவோ சிங்களப் பெயரையே தக்கவைத்துக்கொண்டது.

இவையெல்லாம் ஏட்டில் ஏறிய பெயர்கள். தோட்டத்தினுள் மக்கள் இட்ட பெயர்கள் வேறு: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பணிய லயம், பிரட்டுக்களம். கணக்கு என்பது ஈண்டுத் தோட்டப் பிரிவைக் குறிக்கும். கொழுந்து பறிக்கும் மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இவ்வாறே பெயருண்டு. நிலப்படங்களில் இவற்றைக் காண்டல் அரிது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு சென்றோருடன் அப்பெயர்களை அறிந்த நாவும் சென்றது.

அயர்லாந்திலும் 1824இல் தொடங்கிய நில அளவையில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் அங்கே ஜோன் ஓ'டொனவன் என்னும் அறிஞர் ஊரூராய்ச் சென்று, ஐரிஷ் பேசிய முதியோரிடம் மூலவடிவங்களைக் கேட்டெழுதினார். அவ்வளவையே அப்பணிக்கு இடந்தந்தது. நம் மலையகத்திற்கு அத்தகைய பதிவு வேண்டும். தெல்தோட்டைப் பகுதியில் அதனைத் தொடங்கலாம். பேராதனையிலிருந்து ஒரு பகலில் சென்று திரும்பும் தொலைவே.