புக்கிட் மெர்தாஜாம் மேடையும் எல். கிருஷ்ணனும்

1964-இல் மலாய்த் திரைக் கலைஞர் பி. ராம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அதற்குமுன் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கியாக வேண்டும். கூலிமிலிருந்து பினாங்குக்கு பஸ் ஏறியவர்களுக்கெல்லாம் பழகிய ஊர் அது.

1948 ஜூன் முதல் நாள். விழா மேடையில் 19 வயது ராம்லி, தானே இயற்றிய ‘அசிசா’வைப் பாடுகிறார். முந்தைய ஆண்டுதான் வட மலாயா வானொலிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தார். அன்று அந்தக் குரலைக் கேட்டவர் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். அதே ஆண்டில் பினாங்குப் பையன், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் சேர்ந்துவிட்டார்.

முதல் படம் ‘சிந்தா’. அதில் ராம்லிக்கு வில்லன் வேடம். கதாநாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணி பாடியதும் அவரே. பாட்டு அவருடையது, திரையில் வாயசைத்தவர் வேறொருவர்!

இந்த இடத்தில்தான் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன் வருகிறார். 1950-இல் தாம் இயக்கிய ‘பக்தி’ படத்தில் ராம்லியைக் கதாநாயகனாக்கினார். பாட்டையும் சொந்தக் குரலிலேயே பாடவிட்டார். இரவல் குரலுக்கு நாயகர்கள் வாயசைத்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

விளைவு நமக்குத் தெரியும். மலாய் அஸ்லி, ஜோகெட், ரும்பா, இந்திப் பட மெட்டு எல்லாம் ராம்லியின் இசையில் ஒன்றாய்க் கலந்தன. பாட்டுகள் ஏறத்தாழ 250. எஸ். சுடார்மாஜி வரிகள் எழுத, 1960-இல் ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ படத்துக்கு அவர் மெட்டமைத்த ‘கெத்தாரான் ஜீவா’ இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் பாடிய அந்த ‘அசிசா’வும் வீண்போகவில்லை, 1955-இல் ராம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரேக் பேச்சா’வில் இடம்பிடித்தது.

ராம்லியைக் கண்டெடுத்த பெருமை ராஜ்ஹன்ஸுக்கு உரியது. அதில் தகராறே இல்லை. பாடகரை நாயகனாக்கிய பெருமை கிருஷ்ணனுக்கே. எம்.ஜி.ஆருக்குக் குரல் கொடுத்தவர் டி.எம்.எஸ். என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். ராம்லியைத் தம் குரலிலேயே பாடவைத்தவர் ஒரு தமிழர் என்பதை எத்தனை பேர் சொல்வார்கள்?

கிருஷ்ணன் 2016 அக்டோபரில் மறைந்தார். அடுத்தமுறை வீட்டில் ராம்லி பாட்டு ஒலிக்கும்போது, பிள்ளைகளிடம் அவர் பெயரையும் சொல்லுங்கள். கோலாலம்பூர்க் கதை அடுத்த வாரம்.