சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து

குன்றக்குடிச் சண்முகநாதப் பெருமானின் பங்குனி உத்திரம் போன்ற திருவிழாக்களை அறிவிக்கும் பழைய நோட்டீசுகளிலே, நிகழ்ச்சி நிரல் பொடியெழுத்தில் அடங்கிக் கிடக்க, விழாவின் பெயர் மட்டும் பருத்து, முனைகள் உருண்டு, வலப்புறம் சாய்ந்து கண்ணைக் கவர்ந்ததற்கு நெடிய சரித்திரம் உண்டு.

1501-இல் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் வர்ஜில் என்னும் மகாகவியின் நூலைச் சாய்வெழுத்தில் அச்சிட்டது கையடக்கப் புத்தகத்திற்காகவேயன்றி விளம்பரத்திற்காக அன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் தமிழுக்கு ஈய எழுத்தைத் தந்தது; ஆயினும் சாய்வு தமிழுக்கு எளிதில் வாய்க்கவில்லை. சாய்ந்த உருவத்தின் தலை, அச்சுக்கட்டையின் விளிம்பைத் தாண்டி நீண்டால், அழுத்தத்தில் ஒடிந்துவிடும். ஆகவே ஓவியர் தூரிகையால் தலைப்பை எழுத, அது துத்தநாகத் தகட்டில் அச்சுப் பிளாக்காக அமிலத்தால் அரித்தெடுக்கப்பெற்றது.

தடிப்பிலும் ஒரு சங்கடம் இருந்தது. ‘ண’கரத்தின் சுழிகளுக்குள் மை புகுந்து அடைத்துக்கொள்ளுமாதலால், சமர்த்தரான ஓவியர் வெளிக்கோட்டைப் பருக்கவிட்டு, சுழியின் உள்வெளியைச் சற்றே அகலமாக வைப்பார்; அந்த நுட்பத்தை நான் சிற்ப வேலைக்குக் குறைவாக மதிப்பதில்லை. பழைய ‘ணை’, ‘லை’ ஆகியவற்றின் துதிக்கை வளைவே அவர் கைக்கு உகந்த க்ஷேத்திரம். சாய்த்து எழுதுகையில் அது முன்னோக்கிப் பாயும் வேகத்தைச் சொல்லுக்கே அளித்தது. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அத்துதிக்கை வடிவை நீக்கி அச்சுக்கோப்போரின் பாரத்தைக் குறைத்தது நியாயமே. எனினும் தலைப்பெழுத்துக் கலை தன் மிக அழகிய வளைவை அதனால் இழந்தது.