இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள வழி யாருடையது?



2018ஆம் ஆண்டு ஆடி மாதம். பாரிஸில் வசிக்கும் என் தங்கையின் மகன், எங்கள் வீட்டு விசேஷத்துக்காக மோட்டார் சைக்கிளில் ஹம்பேர்க் வந்தான். பெல்ஜியம் ஊடாக ஆகன், கெல்ன், பிறேமன் நகரங்களைக் கடந்து, எல்பே ஆற்றுச் சுரங்கப்பாதைக்குக் கிட்ட வரும்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. அந்த நேரத்தில் ஏ7 நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று நம்மூர் நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருமகன் யோசிக்கவில்லை. அசையாமல் நின்ற கார் வரிசைகளுக்கு நடுவே புகுந்து மெதுவாக வந்திருக்கிறான். சிறிது தூரத்தில் பொலிசார் மறித்தார்கள். வலப்பக்கமாக முந்திய குற்றத்துக்கு 100 யூரோ தண்டம்.

வீட்டுக்கு வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்ற முன்னமே, "மாமா, இதென்ன அநியாயம்? பாரிஸில நான் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானே வேலைக்குப் போறன்?" என்று கேட்டான். இங்கே சட்டம் அப்படித்தான் என்றேன். ஏன் அப்படி என்று திருப்பிக் கேட்டான். இத்தனை வருடம் இந்த வீதிகளில் வாகனம் ஓட்டியும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு தேடி அறிந்ததையே இம்மாத உரையில் தருகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்கு ஜேர்மனி புதிய நாடல்ல. 1894இல் மியூனிக் நகரில் ஹில்டெபிறான்ட், வொல்ஃப்முல்லர் என்போர் தயாரித்து விற்ற வண்டிதான், "மோட்டோறாட்" என்ற பெயரோடு தொகையாக உற்பத்தியான முதல் வண்டி. வண்டி பழுதானால் நாம் தொலைபேசியில் அழைக்கும் ஆ-டே-ஆ-ட்சே கழகம்கூட, 1903இல் ஸ்ருட்கார்ட் நகரில் மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கமாகவே பிறந்தது. கார்களின் தொகை பெருகியபின் 1911இல் இன்றைய பெயரைப் பெற்றது. நமது நகரத்திலும் 1983 முதல் மிகேல் தேவாலயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கென்றே வழிபாடு நடந்துவந்திருக்கிறது.

அப்படிப்பட்ட நாட்டில் ஏன் இந்தத் தடை? 1934இல் நாடு முழுவதற்கும் ஒரே வீதிப் போக்குவரத்து விதி வந்தது. இன்றைய விதிகளுக்கு அடிப்படையான சட்டம் 1971 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "வரிசைகளுக்கு நடுவே ஓடாதே" என்று அதில் தனியாக ஒரு வசனம் கிடையாது. முந்துவதென்றால் இடப்பக்கமாக முந்து என்றுதான் இருக்கிறது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே போகும் மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கத்திலும் கார்கள் நிற்கும். அந்தக் கார்களை அது வலப்பக்கமாகத்தான் முந்துகிறது. குற்றம் அங்கேதான் வருகிறது. ஆனால் துவிச்சக்கர வண்டிக்கும் 'மோஃபா' என்ற சிறு மோட்டார் வண்டிக்கும் சலுகை உண்டு. போதிய இடம் இருந்தால், வலது வரிசையில் காத்து நிற்கும் வாகனங்களை அவை வலப்பக்கமாக அவதானத்தோடு கடந்து போகலாம்.

அயல் நாடுகளைப் பாருங்கள். பிரித்தானியாவில் நெரிசலுக்குள் மோட்டார் சைக்கிள் நுழைந்து செல்வது தடையல்ல. வேகத்தைக் குறைத்து அவதானமாகச் செல்லும்படியே அவர்களின் வீதி ஒழுங்கு நூல் சொல்கிறது. பெல்ஜியம் 2011 செப்ரெம்பரில் அனுமதித்தது. அங்கே வேகம் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்படக்கூடாது, பக்கத்து வாகனங்களைவிட 20 கிலோமீற்றருக்கு மேல் கூடவும் கூடாது. ஒஸ்ரியாவில் சந்தியில் நிற்கும் வாகனங்களுக்கு இடையால் முன்னே போய் நிற்கலாம். பிரான்ஸ் 2016 பெப்ரவரியில் பாரிஸ் பிராந்தியம் உட்பட 11 மாவட்டங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அந்த வீதிகளில் விபத்துகள் 12 வீதம் கூடியதாக செரேமா என்ற அரச ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. 2021இல் பரீட்சார்த்தம் திருத்தங்களோடு மீண்டும் நடந்து, 2025 ஜனவரி 11 முதல் நாடு முழுவதும் அனுமதி வந்துவிட்டது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வழங்கப்படும் புதிய சாரதி அனுமதிப்பத்திரங்கள் எல்லாம் ஒரே வடிவம். ஆனால் வீதி விதி அந்தந்த நாட்டினுடையது. மருமகன் அகப்பட்டது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

இங்கே இன்னொரு விடயமும் இருக்கிறது. ஜேர்மன் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நடைவேகத்துக்கு வந்தவுடனேயே, இடதுகோடி வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவே மீட்பு வழி விடவேண்டும். 2016 டிசம்பரில் வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. பிரான்சில் அம்புலன்ஸ் பெரும்பாலும் வீதியோரப் பாதையால் போகும். இங்கே அந்த ஓரத்தில் பழுதான வாகனம் நின்றால் அம்புலன்சும் நின்றுவிடும் என்பதால், நடுவழியை அதற்கென்று வைத்திருக்கிறார்கள். மருமகன் வெறும் இடைவெளி என்று நினைத்தது இந்த வழியைத்தான். உரிமையில்லாமல் அதில் ஓடினால் இன்று குறைந்தது 240 யூரோ தண்டம், இரண்டு புள்ளிகள், ஒரு மாத ஓட்டத் தடை.

மோட்டார் சைக்கிள்காரரின் கஷ்டமும் எனக்கு விளங்காமல் இல்லை. கொதிக்கும் இயந்திரத்தைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வெய்யிலில் ஒரு மணித்தியாலம் நிற்பது இலேசான காரியமல்ல. ஒரு பாரவண்டி பின்னால் வந்து இடித்தால் அவருக்குத் தப்ப வழியுமில்லை. ஆகவே சட்டத்தை மாற்றும்படி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாறும்வரை அந்த வழி வேறொருவருடையது.

சென்ற மாரியில் அதே சுரங்கப்பாதைக்கு முன்னால் நானும் மனைவியும் நெரிசலில் நின்றோம். பின்னால் சத்தம் கேட்டது. முன்கூட்டியே ஒதுங்கி நின்ற கார்களுக்கு நடுவே அம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் போனது. உள்ளே யார் இருந்தார்களோ தெரியாது. மனைவி கைகூப்பினார்.

பிரான்சில் சட்டம் வந்த கிழமை மருமகன் தொலைபேசி எடுத்து, "பாத்தீங்களா மாமா, நாங்கள் வெண்டிட்டம்!" என்றான். "நல்லது அப்பன், ஆகன் எல்லை வந்தவுடன அதை மறந்துபோடு" என்றேன்.

கோடை விடுமுறைக்கு பாரிஸ், லண்டன், சூரிச் என்று உறவினர் வீடுகளுக்குப் புறப்படும் நேயர்களே, உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். எல்லை தாண்டும் முன்னர் அந்த நாட்டு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.