தோலில் தோற்ற ரயில்

நீராவி எஞ்சின்களின் வெற்றிக் கதையையே சொல்லிக்கொண்டு போனால், அந்தக் காலத்தின் துணிச்சல் பாதிதான் தெரியும். தோற்றுப்போன ஒரு பெரும் கனவையும் இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

1847 செப்டம்பரில் இங்கிலாந்தின் எக்ஸிடரிலிருந்து கடலோர டின்மத் வரை, முன்னால் எஞ்சினே இல்லாத ரயில்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. கண்ணில் கரித்தூள் விழவில்லை. புகை நாற்றமும் இல்லை. பாதையை அமைத்தவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். சாமுவேல் கிளெக்கும் சாமுதா சகோதரர்களும் காப்புரிமை பெற்றிருந்த முறை அது. அது தேறாது என்று ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் எச்சரித்தும் புரூனல் துணிந்தார்.

தண்டவாளங்களுக்கு நடுவே 15 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய் ஓடியது. ஏறக்குறைய 3 மைலுக்கு ஒரு பம்பு நிலையம் அதிலிருந்து காற்றை உறிஞ்சியது. முதல் பெட்டியின் அடியில் பொருத்திய பிஸ்டன் குழாய்க்குள் இருந்தது. அதன் முன்னே காற்று குறைந்ததும், பின்னேயிருந்த காற்றின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, ரயில் சீறியது. ஒருமுறை 28 டன் எடையோடு 4 மைல் தூரத்தைச் சராசரியாக மணிக்கு 64 மைல் வேகத்தில் கடந்தது. இயற்பியலில் பிழையே இல்லை.

சிக்கல் குழாயின் மேற்புறத்தில் இருந்தது. பிஸ்டனைப் பெட்டியோடு இணைக்கும் இரும்புக் கை வெளியே வர, குழாய் நெடுகப் பிளவு வேண்டும். காற்று புகாதபடி அதை மூடியது, இரும்புத் தகடு பதித்து, மெழுகும் கொழுப்பும் பூசிய தோல் பட்டை. ஒவ்வொரு ரயிலும் அதைத் திறந்து மூடிச் சென்றது. குளிரில் தோல் விறைத்தது. விளிம்பு சரியாகப் படியாமல் காற்று கசிந்தது. இரும்புத் துரு தோலைப் பதப்படுத்திய டானினோடு வினைபுரிய, பட்டை கிழியத் தொடங்கியது. எலிகள் கொழுப்பைத் தின்றதால்தான் இந்த ரயில் நின்றது என்ற கதை சுவையானது. ஆனால் அதைக் கொன்றது இந்த வேதியியல்தான்.

செலவும் ஏறியது. பம்பு நிலையங்களுக்கு இடையே தந்தி வசதி இல்லாத காலத்தில், ரயில் தாமதமானாலும் அட்டவணைப்படி பம்புகள் ஓடி நிலக்கரியை விழுங்கின. ஒரு மைல் ஓட்ட 3 ஷில்லிங் 1 பென்னி. சாதாரண எஞ்சினுக்கோ 1 ஷில்லிங் 4 பென்ஸ். தோலை மாற்ற மட்டும் 25,000 பவுண்டு வேண்டியிருந்தது. இனிப் பணம் போடவேண்டாம் என்று ரயில் நிறுவன இயக்குநர்களிடம் சொன்னவர் புரூனலே. தன் பெயரையே பணயம் வைத்த ஒருவர் ஓராண்டுக்குள் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1848 செப்டம்பரில் பம்புகள் நின்றன. ஆனால் இந்த முறையை நம்பி, நியூட்டன் ஆபட்டுக்கு மேற்கே டெயின்டன், ராட்டரி மேடுகளில் பாதையைச் செங்குத்தாக ஏற்றியிருந்தார்கள். குழாய் அங்கே வேலை செய்யவே இல்லை. பின்னாளில் கனமான நீராவி ரயில்கள் அந்த ஏற்றங்களில் இன்னோர் எஞ்சினின் துணையோடு ஏறின.