பதம் பிரித்த வைத்தியம்

சொல்லைப் பிரிக்கத் தெரியாவிட்டால் ஊரின் பெயரே மாறிப்போகும். பருத்தித்துறை என்பதைப் பருத்தி, துறை என்று பிரித்தால் பஞ்சுப்பொதி ஏறியிறங்கிய கரை கண்முன் தோன்றுகிறது. போர்த்துக்கேயர் இம்முனையைப் ‘பேத்ராஸ்’, அதாவது கற்கள் உள்ள முனை என்றனர். ஆங்கிலேயர் வாயில் அது ‘பொயின்ற் பீட்றோ’ ஆயிற்று. கல் போய், ஓர் ஆளின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது!

வைத்தியச் சொற்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஆங்கில அகராதியில் 45 எழுத்துகள் கொண்ட ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது: நியூமோனோஅல்ட்றாமைக்றோஸ்கொபிக்சிலிக்கோவொல்கேனோகோனியோசிஸ். 1935இல் அமெரிக்கச் சொற்புதிர்க் கழகமொன்றின் தலைவர் எவரெற் சிமித் வேண்டுமென்றே நீட்டிப் படைத்த சொல் இது. எழுத்தில் முதலில் நிற்கும் ‘பி’ ஒலிப்பதில்லை. உயிரொலிக்கு ஒன்றாக எண்ணினால் 19 அசைகள். நமது யாப்பின் நேரசை, நிரையசைக் கணக்கு வேறு.

நன்னூல் படித்தவர் இதற்கு மலைக்க வேண்டியதில்லை. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்த கை, இதனையும் பிரித்துவிடும். ‘நியூமோன்’ நுரையீரல், ‘அல்ட்றா’ அப்பால், ‘மைக்றோ’ சிறியது, ‘ஸ்கொப்’ பார்த்தல், ‘சிலிக்கோ’ சிலிக்கா எனும் கல்வகை, ‘வொல்கேனோ’ எரிமலை, ‘கோனி’ தூசு, ‘ஓசிஸ்’ நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. இடையில் வரும் ‘ஓ’ நமது சாரியையைப் போல இரு சொற்களை இணைத்து நிற்கிறது. மொத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கல்தூசு நுரையீரலிற் படிவதால் வரும் நோய். வைத்தியர்கள் ‘சிலிக்கோசிஸ்’ என்று சுருக்கமாகவே சொல்வார்கள். கல்லுடைப்போரையும் சுரங்கத் தொழிலாளரையும் வருத்தும் நோய் அது.

இந்தப் பிரிக்கும் வித்தையை யாழ்ப்பாணத்து வைத்தியத்திற் பயன்படுத்தியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவிற் பிறந்து, 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். 1860களில் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அவரிடம் கற்ற தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பிற் பெருந்துணை புரிந்தனர்.

பெயர்களைக் கவனியுங்கள். கேசாதிபாதம் கேட்டுப் பழகிய காதுக்கு அங்காதிபாதம் அந்நியமாக ஒலிக்காது. இரணம் என்றால் புண் என்பது வயலில் நிற்பவருக்கும் தெரியும். பொருத்தமான சொல் இல்லாதவிடத்து ஆங்கிலத்தை எடுத்துத் தமிழ் ஈற்றைப் பொருத்தினார். ‘கெமிஸ்தம்’ பிறந்தது அப்படித்தான். வடமொழி மிகுதி என்று இன்று குறை சொல்லலாம். ஆனால் மாணவன் உறுப்புறுப்பாகப் பிரித்து விளங்கக்கூடிய சொற்களையே அவர் நாடினார் என்பதை மறுக்க முடியாது.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார், 1884இல் காலமானார். அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் போதனாமொழி ஆங்கிலமே.

உலக வைத்தியத்தோடு உறவாட ஆங்கிலம் வேண்டியதுதான். ஆனால் கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கு அது போதாது. துண்டில் எழுதிய பெயர் விளங்காதபோது நோயைவிடப் பெயரே அவரை அச்சுறுத்துகிறது. ‘தூசு நுரையீரலிற் படிந்திருக்கிறது’ என்று கேட்டால், அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவாவது அவருக்குத் தோன்றும்.